விரல்தானே என்று விடலாமா?

கூரைத் தகரங்களை இறக்கி முடித்து, உழவு இயந்திரப் பெட்டியின் பின்கதவை மூடியபோது எமது இடதுகை நடுவிரலின் நுனி அதற்குள் அகப்பட்டுவிட்டது. ஒரு கணம் வலிக்கவேயில்லை. பிறகு நகம் பாதி கழன்று தொங்குவதையும், சதை நசிந்து பிளந்திருப்பதையும் கண்டோம். சுற்றி நின்றவர்கள் அன்பு மிகுதியால் உடனே வைத்தியம் தொடங்கினார்கள். ஒருவர் கோப்பித்தூளை அள்ளி அப்பினார். இன்னொருவர் சாரத்தின் கரையைக் கிழித்து விரலின் அடியில் இறுக்கிக் கட்டினார். "விரல்தானே, இரண்டு நாளில் ஆறிவிடும்" என்றார் வயதான ஒருவர். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்படி வற்புறுத்தியவர் அங்கு தேநீர் கொண்டுவந்த ஒரு தாய்.

அங்கே தாதி செய்த முதல் வேலை, இறுக்கிய கட்டை அவிழ்த்தது. இரண்டாவது வேலை, கோப்பித்தூளைக் கழுவி எடுத்தது. அதற்குக் கால்மணி நேரத்துக்கு மேல் சென்றது. அன்று நாம் பட்ட வேதனையில் பாதி அந்தக் கோப்பித்தூளால் வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இச்சிறு விபத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காயத் தோட்டங்களிலும், பாலாவிப் பக்கத்து உப்பளங்களிலும், களப்போரத்து இறால் பண்ணைகளிலும், தென்னந்தோட்டங்களிலும் கூலிக்கு உழைக்கும் எங்கள் குடும்பங்களில் விரலில் தழும்பு இல்லாத ஆளைக் காண்பது அரிது. தண்ணீர் மெஷினின் பெல்ட், லாண்ட்மாஸ்டரின் சில்லு, தேங்காய் உரிக்கும் அலவாங்கு, மன்னாக் கத்தி, மீன் முள் என்று விரலைத் தேடி வருபவை பல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் படகுகளில் இந்தக் கரையில் வந்திறங்கியவர்களுக்குக் காணியும் இருக்கவில்லை, மாடும் இருக்கவில்லை. கையை மட்டுமே மூலதனமாகக் கொண்டு பிழைப்பைத் தொடங்கினார்கள். 2009இல் போர் முடிந்த பின் முசலிப் பக்கம் திரும்பியவர்களும் உண்டு, இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. இருசாராருக்கும் இன்றும் கைதான் சொத்து.

விரலுக்குள் என்ன இருக்கிறது?

கையில் 27 எலும்புகள் உள்ளன. ஆனால் விரல்களை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. அது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியாக ஓடி, விரல் எலும்புகளில் போய்ப் பொருந்துகின்றன. ஊரில் துலா மிதித்து நீர் இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆள் ஓரிடத்தில் நிற்க, வாளி வேறிடத்தில் அசைகிறது. இரண்டையும் இணைப்பது கயிறு. சுட்டுவிரல் முதல் சின்னவிரல் வரை ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. ஒன்று நடு மூட்டை மடக்கும், மற்றது நுனி மூட்டை மடக்கும். விரலின் இருபக்கமும் ஒவ்வொரு இரத்தக் குழாயும், உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் ஒவ்வொரு நரம்பும் ஓடுகின்றன. இவையெல்லாம் தோலுக்கு மிக அருகில் இருப்பதால், சிறிய வெட்டு என்று நாம் நினைப்பது இவற்றில் ஒன்றை அறுத்திருக்கக்கூடும்.

கயிறு அறுந்தால் அது அறுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. தசை இழுப்பதால் மேல்முனை உள்ளங்கைக்குள்ளோ மணிக்கட்டு வரையோ பின்வாங்கிவிடும். முதல் நாட்களில் அதைத் தேடியெடுத்துத் தைக்கலாம். வாரங்கள் கடந்தால் தசை சுருங்கி, நாணின் பாதை தழும்பால் அடைபட்டுவிடும். அதன் பிறகு வேறிடத்திலிருந்து நாண் எடுத்து வைக்க வேண்டும். அது ஒரே சத்திரசிகிச்சையில் முடியாமலும் போகலாம்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவருக்கு நேர்ந்தது இதுதான். புல் அறுக்கும்போது தாக்கத்தி வழுக்கி, சின்னவிரலின் அடியில் உள்ளங்கைப் பக்கமாக வெட்டியது. நீளம் ஒரு அங்குலமும் வராது. அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில் மேல்தோலைத் தைத்து அனுப்பினார்கள். விரலை மடக்கிப் பார்க்கும்படி அங்கு யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. வெங்காயம் பிடுங்கும் காலம். விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனுக்குத் தவணை நெருங்கியிருந்தது. காயம் பத்து நாளில் அழகாக மூடிக்கொண்டது. விரல் மட்டும் மடங்கவில்லை. வீக்கம் வற்றினால் சரிவரும் என்று இருந்தவர், ஐந்து வாரம் கழித்துத்தான் கிளினிக்குக்குப் போனார். "முதல் வாரத்தில் வந்திருந்தால்" என்று டொக்டர் சொன்னதை அவர் இன்றும் திருப்பித் திருப்பிச் சொல்வார். இரண்டு கட்டமாகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. அதற்காக இழக்க வேண்டிய கூலியைக் கணக்குப் பார்த்தார், நாம் அவரைக் குறைசொல்ல முடியாது. சின்னவிரல் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள், அதையும் மோதிரவிரலையும் நீட்டி வைத்துக்கொண்டு ஒருமுறை மண்வெட்டியைப் பிடித்துப் பார்க்கட்டும். இறுக்கிப் பிடிக்கும் வலுவில் பெரும்பங்கை அந்த இரண்டு விரல்களே தருகின்றன.

விரல் அடியிலிருந்து நடுப்பகுதி வரையான இந்த இடம், வைத்தியர்களையே நெடுங்காலம் அச்சுறுத்தியது. கைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான அமெரிக்கர் ஸ்டேர்லிங் பனல் அதற்கு 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பெயர் வைத்தார். ஒடுங்கிய குழாய்க்குள் இரண்டு நாண்களும் நெருங்கி ஓடுவதால், அங்கே தைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி விரல் விறைத்துவிடும், ஆகவே உடனே தைக்க வேண்டாம் என்பதே அக்காலத்து அறிவுரை. 1960களில் ஹரோல்ட் கிளைனேர்ட் என்பவரும் அவரது குழுவினரும், கவனமாகத் தைத்து முன்கூட்டியே அசைவுப் பயிற்சி கொடுத்தால் அந்த நிலத்திலும் பயிர் விளையும் என்று காட்டினார்கள். இன்று உடனே தைப்பதே வழக்கம். எனவே தாமதம் முன்னைவிட அதிக நட்டத்தைத் தருகிறது.

காயம்பட்டதும் செய்ய வேண்டியது

சுத்தமான ஓடும் நீரால் காயத்தைக் கழுவுங்கள். கிணற்று நீர் சந்தேகமாக இருந்தால் கொதித்தாறிய நீர் நல்லது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். இடையிடையே திறந்து பார்ப்பதுதான் நம்மவர்களின் குறை. விரலின் அடியைக் கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டாதீர்கள். இரத்தம் நின்றுவிட்டதே என்று நாம் மகிழ்ந்திருக்க, விரல் இரத்தமின்றிச் சாகும். கோப்பித்தூள், மஞ்சள், புகையிலைத் தூள், மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். மோதிரம் போட்டிருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். தங்க மோதிரத்தை வெட்டும்போது சிலர் படும் துயரம் விரலுக்காகப் பட்டதைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

பிறகு மூன்று காரியங்களைப் பாருங்கள். நடு மூட்டும் நுனி மூட்டும் தனித்தனியே மடங்குகின்றனவா, நிமிர்கின்றனவா? விரல் நுனியின் இருபக்கத்தையும் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? நுனியை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் மீண்டும் சிவக்கிறதா? ஒன்றில் குறை இருந்தாலும் காயத்தின் நீளத்தைப் பாராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலும்பு தெரிந்தாலும், விரல் கோணியிருந்தாலும், நகம் கழன்றிருந்தாலும் அவ்வாறே.

பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலிருந்து ஏமாற்றும் காயம் ஒன்று உண்டு. டீசல் இன்ஜெக்டரைச் சோதிக்கும்போதோ கிறீஸ் பம்பைப் பாவிக்கும்போதோ அழுத்தத்துடன் பீறிடும் எண்ணெய் விரலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்திய அளவு துளைதான் தெரியும். முதல் மணித்தியாலங்களில் வலியும் குறைவு. உள்ளே எண்ணெய் நாண்களின் வழியே பரவிச் சதையை அழிக்கும். சில மணித்தியாலங்களுக்குள் திறந்து கழுவாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். படகு எஞ்சின், நீர் இறைக்கும் எஞ்சின் திருத்தும் இளைஞர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விரல் துண்டாகிப் போனால், துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான நீரால் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐசும் நீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். எமது கரையில் ஐசுக்குப் பஞ்சமில்லை, மீன் பெட்டி எங்கும் இருக்கும். ஆனால் மீனைப் போல விரலையும் ஐசுக்குள் நேரே புதைத்தால் சதை உறைந்து கெட்டுவிடும். முற்றாகத் துண்டான பெருவிரலை நுண்நோக்கியின் துணையுடன் மீண்டும் பொருத்தியவர்கள் யப்பானிய வைத்தியர்களான கொமட்சுவும் தமாயும், ஆண்டு 1965. அதன் பிறகு உலகெங்கும் பல விரல்கள் இவ்வாறு பொருத்தப்பட்டுள்ளன. எல்லாத் துண்டையும் பொருத்த முடியாது, பொருத்துவது எல்லாருக்கும் நன்மையும் அல்ல. அதைத் தீர்மானிப்பவர் சத்திரசிகிச்சை நிபுணர். துண்டை எறிந்துவிட்டுப் போனால் அவர் தீர்மானிப்பதற்கு எதுவும் இராது.

பெரிய காயமானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தென், மேல் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இது. கட்டணம் இல்லை. வெளியேற்றப்பட்ட ஆண்டும் அதே எண்ணாக இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அதை மனனம் செய்விக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் நடப்பது

"எங்களுக்கு இங்கே பதிவு இல்லையே, பார்ப்பார்களா?" என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். வாக்காளர் பதிவு எந்த மாவட்டத்தில் இருந்தாலும், கற்பிட்டியிலும் புத்தளத்திலும் சிலாபத்திலும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் காயப்பட்டவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. மொழிதான் சில வேளை தடை. "எங்கில்ல நவன்ன பே" என்றால் விரலை மடக்க முடியவில்லை என்று பொருள். "ஹிரி வெட்டிலா" என்றால் விறைத்துவிட்டது. இந்த இரண்டு சிங்களத் தொடர்களையும் சொல்லத் தெரிந்தால், மேல்தோலை மட்டும் தைத்து அனுப்பும் தவறு நேராமல் தடுக்கலாம். தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது.

எமது விரலுக்கு முதலில் எக்ஸ்றே எடுத்தார்கள். நுனி எலும்பில் மெல்லிய வெடிப்பு இருந்தது. பிறகு விரலின் அடியில் இருபக்கமும் விறைப்பூசி போட்டார்கள். மறைப்பானேன், அன்றைய நாளில் கடினமான கட்டம் அதுதான். மருந்து உள்ளே போகும்போது எரிந்தது. ஐந்து நிமிடத்தில் விரல் எம்முடையதாக இல்லாமல் போயிற்று. தொடுவதும் இழுப்பதும் தெரிந்தது, வலி தெரியவில்லை. சுவீடன் நாட்டு வேதியியலாளர் லொஃப்கிறென் 1943இல் உருவாக்கிய லிக்னொகெயின் என்ற மருந்தே இன்றும் இந்த வேலையைச் செய்கிறது. அது இல்லாத காலத்தில் வயலில் நசிந்த விரலோடு நம் முன்னோர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று கட்டிலில் கிடந்தபடி எண்ணிப் பார்த்தோம்.

டொக்டர் நகத்தைக் கழற்றி, அதன் அடியிலுள்ள மெல்லிய சதைப்படுக்கையை முடியிலும் மெல்லிய நூலால் தைத்தார். அந்த நூல் தானே கரையும். பிறகு கழுவிய அதே நகத்தை மூடிபோல மேலே வைத்துக் கட்டினார். படுக்கை ஒழுங்காகப் பொருந்தி ஆறினால்தான் புது நகம் கோணாமல் வளருமாம். மொத்தம் முக்கால் மணி நேரம். அன்று மாலையே வீடு திரும்பினோம்.

விரல் நுனியில் எலும்பு தெரியாமல் சதை மட்டும் போயிருந்தால், பல வேளைகளில் தையலே தேவைப்படாது. ஈரப்பதம் காக்கும் கட்டுடன் சில வாரங்களில் சதை தானாக வளர்ந்து மூடும். எலும்பு தெரிந்தால் அருகிலுள்ள தோலைச் சதையோடு நகர்த்தி மூடுவார்கள். இதற்கான முறைகளில் ஒன்று எமது மொழி பேசும் மண்ணிலிருந்து உலகுக்குச் சென்றது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவை வளர்த்த டொக்டர் ஆர். வெங்கடசுவாமி, சரிவாக வெட்டுண்ட விரல் நுனிகளை மூடும் முக்கோணத் தோல்மடிப்பு முறையைத் தம் உடன்பணியாளருடன் 1980இல் வெளியிட்டார். ஏழைத் தொழிலாளரின் இயந்திர விபத்துகளே அந்தப் பிரிவுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன.

ஏற்பு ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிள்ளைகளுக்குக் கிளினிக்கிலும் பாடசாலையிலும், தாய்மாருக்குக் கர்ப்ப காலத்திலும் தடுப்பூசி போடப்படுகிறது. விடுபட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் நடுவயது ஆண்கள், அதாவது மண்ணோடு அதிகம் புழங்குகிறவர்கள். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தாதி கேட்டபோது நாமே திருதிருவென்று விழித்தோம். காயம் அழுக்காக இருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட வேண்டும். காயம் சுத்தமானதென்றால் பத்து ஆண்டு.

வீடு திரும்பிய பின்

முதல் இரண்டு மூன்று நாள் கையை உயர்த்தியே வைத்திருங்கள். தொங்கவிட்டால் வலி குத்தும், வீங்கும். கட்டை நனைக்க வேண்டாம். கடல் நீரும் களப்பு நீரும் ஆகவே ஆகாது. அந்நீரில் உள்ள சில கிருமிகள், முக்கியமாக ஈரல் நோயும் நீரிழிவும் உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். மீன் முள், இறால் முள் குத்தி வாரங்கள் கழிந்தபின் அந்த இடத்தில் வலியில்லாத கட்டி கிளம்பினால், அது மெதுவாக வளரும் வேறொரு கிருமியாக இருக்கலாம். டொக்டரிடம் முள் குத்திய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். புகையிலை விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதிக்கும். புகையிலை பயிரிட்டுப் பிழைக்கும் குடாநாட்டில் இதை எழுதுவது எமக்குச் சங்கடம்தான், ஆனாலும் உண்மை உண்மையே.

விரல் முழுதும் ஒரேயடியாக வீங்கி, பாதி மடங்கிய நிலையில் நின்று, மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகும் வலி எடுத்தால் நாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கையில் சிவப்புக் கோடு ஏறினாலும் காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே.

கையில் போட்ட தையல்கள் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு நாளில் வெட்டப்படும். அத்தோடு சிகிச்சை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். விரலுக்குப் பெரிய எதிரி விறைப்பு. டொக்டர் அனுமதித்த நாளிலிருந்து, அவர் காட்டிய அளவுக்கு, ஒரு நாளில் பல தடவை அசைக்க வேண்டும். நாண் தைத்தவர்களுக்கோ இது இருபக்கமும் கூரான கத்தி. அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், பாரம் தூக்கினால் அறுந்துவிடும். ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம் வரை மண்வெட்டியும் வாளியும் தொடக் கூடாது. கூலிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய காலம் என்பதை நாம் அறிவோம். அந்தக் காலத்துக்கு ஒரு வீட்டின் அடுப்பு எரிவதற்கு உறவினரும் அயலவரும் சங்கங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நரம்பு அறுந்து தைக்கப்பட்டால் அது நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் வளரும். உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை அடுப்பும் கத்தியும் ஆபத்து. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் போல் பிராண்ட் கண்டறிந்து சொன்னது இதைத்தான். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் அவர்களே அறியாமல் இழந்தார்கள். ஆகவே உணர்ச்சியற்ற விரலைக் கண்ணால் காவல் காக்க வேண்டும். சட்டியை இறக்கும் தாய்மார் தடித்த துணியைப் பிடிக்கட்டும்.

இறுதியாக, கடதாசி. ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டை எறிந்துவிடாதீர்கள். வேலைத்தலத்தில் ஏற்பட்ட காயமானால், எந்த நாளில், எந்த வேலையில், எப்படி ஏற்பட்டது என்பதை டொக்டரிடம் சரியாகச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. வேலையின் நிமித்தம் விரலை இழந்தவருக்கு அது நட்டஈட்டு உரிமை தருகிறது. பண்ணைக்காரர் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, சறுக்கி விழுந்ததாகச் சொல் என்று கேட்டால், அந்தச் சொல் கார்ட்டில் ஏறிய பிறகு உரிமையை நிலைநாட்டுவது மிகக் கடினம். விபத்தை உடனே வேலைகொடுத்தவருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எமது பணிமனையில் எழுதிக் கொடுக்கிறோம்.

எமது நகம் முழுதாக வளர ஐந்து மாதம் சென்றது. நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில்தான் வளருமாம். நடுவில் ஒரு வரம்பு மட்டும் நிலைத்துவிட்டது. தேநீர் தந்த அந்தத் தாய் காணும்போதெல்லாம் விரலை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்.